பார்ப்பவர் கொடுப்பது என்ன?

ஒன்றை நேசிக்கிறோம் என்று சொல்லிவிட்டாலே, அதற்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டதாக மனம் அமைதி கொள்கிறது. அந்த அமைதி பொய்யானது. அன்புக்கு விலை உண்டு. அவ்விலையை யாரேனும் ஒருவர் கொடுத்தே ஆக வேண்டும். நாம் கொடாதபோது நமக்காக வேறொருவர் கொடுக்கிறார். சில வேளைகளில் நாம் ஏளனம் செய்கின்ற ஒருவரே கொடுக்கிறார். இதை எத்தனையோ முறை மறையுரையில் சொல்லியிருக்கிறோம். ஆயினும் ஒரு சதுப்பு நிலத்தின் கரையில் நின்று வெட்கியபோதுதான் இது நமக்கே உறைத்தது.

அமெரிக்காவின் நடுவே, பிரெய்ரி எனப்படும் பரந்த புல்வெளி நாட்டில் கான்சாஸ் மாநிலம் அமைந்துள்ளது. அங்கே பங்குப் பணிக்காகச் சில திங்கள் தங்கியிருந்தபோது, கிரேட் பெண்ட் நகரை அடுத்துள்ள ஷையன் பாட்டம்ஸ் என்னும் சதுப்பு நிலத்துக்கு ஒரே ஆண்டில் இருமுறை சென்றோம். மே மாதத்தில் பறவை பார்ப்பவரோடு சென்றோம். நவம்பரில் பறவை சுடுபவரோடு சென்றோம். முதற்பயணத்தில் நீதிபதியாய் இருந்தோம். இரண்டாம் பயணத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றோம்.

மே மாதத்தில்

மே மாதக் காலையில் அவ்விடத்தில் நின்றவர் எவரும் அதன் அழகை மறக்க இயலாது. மண்கரைகள் சூழ்ந்த குளங்களில் கணுக்காலளவு நீர். நீரின் ஓரமெங்கும் கரிய சேறு. அந்தச் சேற்றில் ஆயிரமாயிரமாய் உள்ளான்கள் தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தன. அவை சேற்றில் தேடுவது இரத்தப்புழு என்னும் சிறு செந்நிறப் புழுவை. அப்புழுவின்றி அவற்றின் பயணம் இல்லை. வெண்பிட்ட உள்ளான் என்று நாம் பெயரிட்டு அழைக்கத்தக்க சிறு பறவை ஒன்று தென்னமெரிக்காவின் தென்கோடியிலிருந்து புறப்பட்டு, வடதுருவத்தை ஒட்டிய பனிநிலத்துக்கு முட்டையிடச் செல்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் உடல். ஒரு கண்டத்தையும் மறு கண்டத்தையும் இணைக்கும் பயணம். இடையில் தங்கிக் கொழுப்பேற்றிக்கொள்ளும் சத்திரங்களுள் தலையாயது இந்தச் சேறு.

கரைமேல் ஓடும் மண்பாதையில் கார்கள் வரிசையாய் நின்றன. பல மாநிலங்களின் எண் பலகைகளைக் கண்டோம். முக்காலிகளின் மேல் ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள தொலைநோக்கிகள். கழுத்துகளில் பைனாகுலர்கள். பண்பான மனிதர்கள், எமக்கும் ஒரு தொலைநோக்கியில் இடம் தந்தார்கள். பேச்சு மெல்ல இலையுதிர் காலத்தைப் பற்றித் திரும்பியது. அப்போது துப்பாக்கியோடு வருவார்களே, அவர்கள் எத்தகைய மனிதர்கள், இந்த அழகைக் கண்ட பின்னும் சுட எப்படி மனம் வருகிறது என்று ஒருவர் வருந்தினார். மற்றவர்கள் தலையசைத்தனர். நாமும் தலையசைத்தோம். நம் தாயகத்தில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டின் திருத்தமும் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டன. ஆகவே துப்பாக்கி என்றால் பறவையின் பகை, பைனாகுலர் என்றால் பறவையின் நட்பு என்னும் எளிய வாய்ப்பாடு நமக்குள்ளும் ஊறியிருந்தது.

அந்த வாய்ப்பாடு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த நிலம்

ஷையன் பாட்டம்ஸ் ஏறத்தாழ 41,000 ஏக்கர் பரப்புள்ள இயற்கைப் பள்ளம். அமெரிக்காவின் உள்நாட்டுச் சதுப்பு நிலங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இதில் ஏறத்தாழ 20,000 ஏக்கர் மாநில அரசின் வனவிலங்குப் பகுதி. இயற்கைப் பாதுகாப்புக்கான தனியார் அமைப்பொன்று மேலும் 7,000 ஏக்கருக்கு மேல் வைத்துள்ளது. வட அமெரிக்காவின் கரையோரப் பறவைகளுள் 45 விழுக்காடு வசந்தகாலப் பயணத்தில் இங்கே தங்கிச் செல்வதாக ஒரு மதிப்பீடு உண்டு. 1988ஆம் ஆண்டில் இது ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது.

இவ்வளவு பெருமை உள்ள இடத்துக்கு இயற்கை தானாய்த் தரும் நீர் மிகச் சொற்பம் என்பதை வருகின்றவர்கள் அறிவதில்லை. பிளட் கிரீக், டிசெப்ஷன் கிரீக் என்னும் இரு சிற்றோடைகளே இப்பள்ளத்தில் வந்து விழுகின்றன. 1927ஆம் ஆண்டின் பெருமழையில் பள்ளம் முழுவதும் ஏரியாயிற்று. மழை பொய்த்த ஆண்டுகளிலோ அதே பள்ளம் புழுதிக் காடாயிற்று. 1940களிலும் 1950களிலும் மாநில அரசு நிலத்தை வாங்கிற்று. மண்கரைகள் எழுப்பிக் குளங்களாகப் பிரித்தது. ஆர்கன்சாஸ் ஆற்றிலிருந்தும் வால்நட் கிரீக்கிலிருந்தும் நீர் கொணரக் கால்வாய் வெட்டிற்று. மதகுகள், இறைப்பு எந்திரங்கள், அவற்றை இயக்கும் பணியாளர் எனப் பெரும் ஏற்பாடு இன்றும் நடக்கிறது. எந்தக் குளத்தில் எப்போது எத்தனை அங்குலம் நீர் நிற்க வேண்டும் என்பதை மனிதர் முடிவு செய்கின்றனர். சம்பங்கோரை மண்டிக் குளத்தை மூடிவிடாமல் ஆண்டுதோறும் அதை அழிக்கின்றனர். மே மாதத்தில் நாம் கண்டு வியந்த அந்தக் கணுக்காலளவு நீர் வானத்திலிருந்து மட்டும் வந்ததன்று; பணம் கொடுத்து, மதகு திறந்து, காத்து நிறுத்திய நீர்.

அப்பணம் எங்கிருந்து வந்தது? மே மாதத்தில் இந்த வினா நமக்கு எழவேயில்லை.

நவம்பரில்

நவம்பரில் எம்மை அழைத்துச் சென்றவர் அறுபதைக் கடந்த ஒரு சோள விவசாயி. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவர். விடியலுக்கு வெகு முன்பே அவருடைய வண்டி வாசலில் வந்து நின்றது. பின்புறத்தில் ஒரு சாக்கு நிறையப் போலி வாத்துகள். அருகே குளிரில் நடுங்காமல் ஆவலில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு நாய். வேட்டைக்கு மூடப்பட்ட புகலிடக் குளங்களைக் கடந்து, அனுமதிக்கப்பட்ட குளத்தின் ஓரத்தில் சம்பங்கோரையின் மறைவில் அமர்ந்தோம். எம் கையில் துப்பாக்கி இல்லை. ஒரு குடுவைத் தேநீர் மட்டுமே.

வாத்துகள் வந்துவிட்டன. தலைக்கு மேல் சிறகொலி கேட்டது. அவர் சுடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரிய உதயத்துக்கு அரைமணி நேரம் முன்பே சுடத் தொடங்கலாம். அதற்கு ஒரு நிமிடம் முந்தினாலும் குற்றம். நேரம் வந்தது. இரண்டு ஆண் மல்லார்டு வாத்துகளும் இரண்டு பேடைகளும் வீழ்ந்தன. பின்னர் ஒரு பேடை மிக அருகில் இறங்கியபோது அவர் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டார். ஒரு நாளுக்கு 6 வாத்துகள். அவற்றுள் மல்லார்டு பேடை இரண்டுக்கு மேல் கூடாது என்பது விதி. கூட்டில் உள்ள குஞ்சை எடுத்துக்கொண்டாலும் தாய்ப்பறவையை விட்டுவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் விதித்திருப்பது நினைவுக்கு வந்தது. அந்தப் பழைய கட்டளையைச் சேற்றில் அமர்ந்து ஒருவர் கடைப்பிடிப்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம்.

வெளிச்சம் பரவியதும் அவர் பேசத் தொடங்கினார்.

"ஃபாதர், மே மாதம் இங்கே பறவை பார்க்க வந்தீர்களாமே. எவ்வளவு கொடுத்தீர்கள்?"

"இங்கே நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லையே" என்றோம்.

"அதைத்தான் கேட்கிறேன்" என்றார்.

சட்டைப் பையிலிருந்து பணப்பையை எடுத்து ஒரு சிறு முத்திரையைக் காட்டினார். வாத்துப் படம் அச்சிட்ட அழகிய முத்திரை. அதன் குறுக்கே அவருடைய கையொப்பம். வேறொன்றும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. மே மாதத்தில் எம்மோடு நின்று வருந்திய அந்தப் பண்பான மனிதர்களும் நாமும் ஒரு காசும் கொடாமல், கொடுத்தவரைத் தீர்ப்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருந்தோம்.

முத்திரையின் கணக்கு

வேட்டைக்காரர் புனிதர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களுடைய வரலாறு இரத்தக்கறை படிந்தது. வானத்தையே மறைத்துப் பறந்த கோடிக்கணக்கான பயணப் புறாக்களைச் சந்தைக்காகச் சுட்டே தீர்த்தார்கள். அவ்வினத்தின் கடைசிப் பறவை 1914ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி விலங்குக் காட்சிச் சாலையில் இறந்தது. எஸ்கிமோ கர்லியூ என்னும் கரையோரப் பறவை வசந்தத்தில் இதே பிரெய்ரியின் வழியாகத்தான் வடக்கே சென்றது. அதை வண்டி வண்டியாய்ச் சுட்டுக் குவித்தார்கள். 1963ஆம் ஆண்டில் பார்படாஸ் தீவில் சுடப்பட்ட ஒன்றுக்குப் பின் அதை எவரும் உறுதியாகக் கண்டதில்லை. மே மாதத்தில் நாம் நின்ற கரையில், நமக்குக் காணக் கிடைக்காத பறவை அது.

ஆனால் அந்த அழிவுக்குப் பின் நடந்ததையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். 1918ஆம் ஆண்டில் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது. சந்தைக்காகச் சுடுவது ஒழிந்தது. 1934ஆம் ஆண்டில், நாடு வறட்சியிலும் வறுமையிலும் தவித்த காலத்தில், வாத்து முத்திரைச் சட்டம் வந்தது. 16 வயது நிரம்பி நீர்ப்பறவை வேட்டைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு முத்திரை வாங்க வேண்டும். முதல் முத்திரையை வரைந்தவர் டிங் டார்லிங் என்னும் அயோவா மாநிலத்துக் கேலிச்சித்திரக்காரர். அப்போது அவரே கூட்டரசின் வனவிலங்குத் துறைத் தலைவர். அன்றைய விலை ஒரு டாலர். 2015ஆம் ஆண்டு முதல் 25 டாலர். கிடைக்கும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் பறவைகளுக்கான நிலத்துக்கே செல்கிறது. இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் திரண்டு, 60 இலட்சம் ஏக்கர் காக்கப்பட்டுள்ளது. ஷையன் பாட்டம்ஸுக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் உள்ள குவிவிரா புகலிடமும் இத்தகைய பணத்தால் காக்கப்பட்ட நிலமே.

1937ஆம் ஆண்டில் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி. அப்பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கு. ஷையன் பாட்டம்ஸின் நிலத்தை வாங்கவும் கரை கட்டவும் உதவியது இப்பணம். அதாவது, மே மாதத்தில் உள்ளான் நின்ற சேற்றை வாங்கியவர் வாத்து சுடுபவர்.

மறுபக்கத்தைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் பறவை பார்ப்போர் 9 கோடியே 60 இலட்சம் பேர். வாத்து முத்திரையை எவரும் வாங்கலாம். துப்பாக்கி வைத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆண்டுக்கு விற்பது ஏறத்தாழ 15 இலட்சம் முத்திரைகளே. அவற்றையும் பெரும்பாலும் வேட்டைக்காரரே வாங்குகின்றனர். 1970களின் தொடக்கத்தில் 24 இலட்சம் வரை விற்றது. வேட்டைக்காரர் மூப்படைந்து குறைகின்றனர். பறவை பார்ப்போர் பெருகுகின்றனர். முத்திரை விற்பனையோ சரிகிறது. பைனாகுலருக்கும் பறவைத் தீனிக்கும் இதுபோன்ற சிறு வரி விதிக்கலாமே என்னும் முயற்சி 1990களில் எழுந்தபோது, அவற்றைச் செய்து விற்போர் எதிர்த்தனர், அது நிறைவேறவில்லை. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பொதுப்பணத்திலிருந்தே வனவிலங்குக்கு நிதி ஒதுக்கும் சட்ட முன்வரைவு கீழவையில் நிறைவேறியது. மேலவையில் வாக்கெடுப்புக்கே வராமல் போயிற்று.

இதன் விளைவு என்ன? 2019ஆம் ஆண்டில் வெளியான பெரும் ஆய்வொன்று, 1970ஆம் ஆண்டு முதல் வட அமெரிக்கா 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டதாகக் கணக்கிட்டது. புல்வெளிப் பறவைகள் 53 விழுக்காடு குறைந்தன. கான்சாஸ் மாநிலத்தின் பறவையான மெடோலார்க்கும் இந்தப் புல்வெளிக் குலத்தைச் சேர்ந்ததே. கரையோரப் பறவைகள் 37 விழுக்காடு குறைந்தன. நீர்ப்பறவைகளான வாத்தினம் மட்டும் 56 விழுக்காடு பெருகிற்று. வயல்களில் சிதறும் தானியத்தால் பெருத்த பனி வாத்துக் கூட்டமும் அதில் அடங்கும் என்பது உண்மையே. எனினும் பாடம் மறைவதில்லை. சுடப்படும் பறவைக்காக நிலம் வாங்கப்பட்டது; அது பிழைத்தது. பார்க்கப்படும் பறவைக்கு இரசிகர்கள் இருந்தனர், அது குறைந்தது.

இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு இரசிகர் கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்?

கைகள் தூயவையா?

இங்கே ஒரு மறுப்பு எழும். கொலைக்குப் பணம் கட்டினால் கொலை அறமாகிவிடுமா? இன்பத்துக்காக உயிரை எடுப்பதை எத்தனை ஏக்கர் நிலம் கழுவும்?

இம்மறுப்பை நாம் எளிதாய்த் தள்ளவில்லை. உயிரினங்களைத் தேவையின்றி வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே கற்பிக்கிறது. உண்ணாது வீணாக்கச் சுடுபவரை, எண்ணிக்கைப் பெருமைக்காகச் சுடுபவரை, எந்த முத்திரையும் காக்காது. ஆனால் எம்மை அழைத்துச் சென்ற விவசாயியின் வீட்டில் அன்றிரவு நான்கு வாத்துகளும் உணவாயின. இறகு பறித்ததும் அவரே. சமைத்தது அவருடைய மனைவி. தம் உணவுக்காக ஓர் உயிர் போவதை அவர்கள் தம் கண்ணால் கண்டு, தம் கையால் செய்தனர்.

நம் கணக்கோ வேறு. அதே வாரத்தின் ஞாயிறன்று ஓர் உணவுச்சாலையில் மாட்டிறைச்சி உண்டோம். மேற்குக் கான்சாஸின் கொழுப்பிடும் பட்டிகளில் சோளம் தின்று வளர்ந்த மாடு. அந்தச் சோளத்துக்கு நிலத்தடி நீர் இறைக்கப்படுகிறது. நீர் இறைக்க இறைக்க ஓடைகள் வற்றுகின்றன. கார்டன் சிட்டி நகரை ஒட்டி ஆர்கன்சாஸ் ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்கிறது. அந்த ஆற்றிலிருந்துதான் ஷையன் பாட்டம்ஸுக்குக் கால்வாய் வெட்டினார்கள். வால்நட் கிரீக் பள்ளத்தாக்கில் கிணறுகள் பெருகிச் சதுப்பு நிலத்தின் நீருரிமை பறிபோனபோது, 1992ஆம் ஆண்டில் மாநிலத்தின் தலைமை நீர்ப்பொறியாளர் அங்கே இறைப்பைக் குறைக்க ஆணையிட வேண்டி வந்தது. குவிவிராவிலும் இதே கதை. ராட்டில்சினேக் கிரீக் வடிநிலத்தின் கிணறுகளால் தனது நீருரிமை குன்றுவதாகப் புகலிடம் 2013ஆம் ஆண்டில் முறையிட்டது. அது உண்மையே என 2016ஆம் ஆண்டில் மாநில அதிகாரிகளே உறுதி செய்தனர்.

ஒரு தோட்டா ஒரு வாத்தைக் கொல்லும். ஒரு குளம் வற்றினால் அதில் தங்க வேண்டிய அத்தனை பறவையும் பசியோடு பறக்கும். தோட்டாவைக் கண்டு முகம் சுளிக்கும் நாம், குளம் வற்றக் காரணமான தட்டை நிறைத்துக்கொண்டு அமர்கிறோம். கொலை நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் நடப்பதால் நம் கைகள் தூயவை ஆகிவிடா.

எம் விவசாய நண்பரும் 1992ஆம் ஆண்டின் ஆணைக்கு உட்பட்டவர். அவருடைய கிணற்றில் இறைப்பு குறைந்தது, விளைச்சலும் குறைந்தது. அவர் அதைக் கசப்போடுதான் சொன்னார். ஆனால் அவர் இரண்டு வழிகளில் விலை கொடுத்திருக்கிறார்: முத்திரைக்குப் பணம், குளத்துக்கு நீர். நாமோ இரண்டு வழிகளில் பெற்றிருக்கிறோம்: மே மாதத்தில் காட்சி, நவம்பரில் இறைச்சி.

கொடுத்தவர் உடையவரா?

இனி வேட்டைக்காரரிடமும் ஒரு சொல். கொடுத்தவர்கள் நாங்கள், ஆதலின் இந்நிலம் எங்களுடையது, எதை வளர்ப்பது எதை விடுவது என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்று சிலர் முழங்குவதைக் கேட்டிருக்கிறோம். இது நன்கொடையாளர் பெயரைக் கோயில் தூணில் பொறித்துவிட்டுக் கோயிலையே தமதென்பது போன்றது.

முதலாவது, நீங்கள் கொடுத்தது முழுவதும் விரும்பிக் கொடுத்ததன்று. முத்திரையைச் சட்டம் வாங்க வைத்தது. ஈயக் குண்டுகளை விழுங்கி வாத்துகள் நஞ்சேறிச் செத்தபோது, ஈயத்தை விட உங்களுள் பலர் மறுத்தனர். 1991ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தைத் தடை செய்தது சட்டமே. துப்பாக்கி வரியிலும் கணிசமான பங்கை இன்று வேட்டைக்கே செல்லாமல் துப்பாக்கி வாங்குவோர் செலுத்துகின்றனர்.

இரண்டாவது, சுடத்தக்க பறவைக்கு மட்டும் இரங்குவது முழுமையான இரக்கமன்று. ஊப்பிங் கிரேன் என்னும் பெரு வெண்கொக்கை எண்ணிப் பாருங்கள். 1941–42ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டெக்சாஸ் கடற்கரைக்கு வந்து சேர்ந்தவை 20க்கும் குறைவு. இன்று அக்கூட்டம் 500ஐத் தாண்டியுள்ளது. வடக்கிலிருந்து தெற்கே செல்லும் வழியில் ஷையன் பாட்டம்ஸிலும் குவிவிராவிலும் அவை இறங்குகின்றன. 2004ஆம் ஆண்டு நவம்பரில் இதே கான்சாஸில், சாண்ட்ஹில் கொக்கு என்று எண்ணி இரண்டு வெண்கொக்குகளைச் சுட்டார்கள். எதைச் சுடுகிறோம் என்று அறியாமல் விசையை அழுத்துபவருக்கு நிலத்தின் மீது என்ன உரிமை?

மூன்றாவது, உங்கள் பணம் மட்டும் இனிப் போதாது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஆறுகளோடு நேராக இணையாத ஈரநிலங்களுக்குக் கூட்டரசுச் சட்டம் தந்த காவலை நீக்கிவிட்டது. பிரெய்ரியில் வாத்துகள் குஞ்சு பொரிக்கும் சிறு குட்டைகளுள் பெரும்பாலானவை அத்தகையவையே. 1780களிலிருந்து 1980கள் வரையிலான இருநூறு ஆண்டுகளில் அமெரிக்காவின் 48 மாநிலங்களும் தம் ஈரநிலத்தில் பாதிக்கு மேல் இழந்தன. அயோவா மாநிலம் ஏறத்தாழ 89 விழுக்காட்டை வடித்து உழுதுவிட்டது. ஏர் முனை மீண்டும் குட்டைகளை நெருங்கும்போது, கரையில் நின்று பைனாகுலரும் துப்பாக்கியும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருப்பது அறிவீனம். பெருகிவந்த வாத்தினமும் அண்மை ஆண்டுகளில் சரியத் தொடங்கியுள்ளது.

இனி

ஆகவே நாம் கேட்பது எளிய ஒன்று. பறவையை நேசிக்கிறோம் என்பவர், அந்நேசத்தை ஒரு தொகையாகவும் ஓர் இழப்பாகவும் மாற்றிக் காட்டட்டும். 9 கோடியே 60 இலட்சம் பேரில் பத்தில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முத்திரை வாங்கினாலும், இன்றைய விற்பனையைப் போல் ஆறு மடங்குக்கு மேல் பணம் சேரும். உள்ளானுக்கும் மெடோலார்க்குக்கும் அப்போதுதான் தமக்கென ஒரு புரவலர் கிடைப்பார். பைனாகுலர் மீது சிறு வரி விதிக்க மீண்டும் ஒரு முயற்சி எழுமானால், முதலில் கையெழுத்திட வேண்டியவர் அதைக் கழுத்தில் அணிந்தவரே. குளத்துக்கு நீர் விட்டுத் தந்து நட்டமடையும் விவசாயியின் கசப்பையும் அவர்கள் செவிமடுக்கட்டும். அவர் சோளத்தை உண்பவர்கள் நாம்தாமே.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் கிரேட் பெண்ட் அஞ்சல் நிலையத்துக்குச் சென்றோம். 25 டாலர் கொடுத்து ஒரு வாத்து முத்திரை வாங்கினோம். வேட்டைக்கு எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று பணியாளர் கேட்டார். வேட்டைக்கன்று, மே மாதத்தில் பார்த்ததற்கு என்றோம். அவருக்கு அது விளங்கவில்லை. முத்திரையின் குறுக்கே கையொப்பமிட்டுச் செபமாலைப் பையில் வைத்துக்கொண்டோம். தாமதமாய்க் கட்டிய கடன்தான்; அதுவும் ஓர் ஆண்டுக்கானது மட்டுமே.